சித்தி இல்லாத சித்தி 2: ராதிகாவின் சீரியல் வாழ்க்கையைக் கொஞ்சம் பேசுவோமா?

வத்தக்குழம்பு:
அம்மாவுக்கு முழங்கால் வலி, ஒரு மாதமாக மாடி ஏறி இறங்குவதில்லை. அதனால் சாயங்காலம் யூடியூபில் பழைய சித்தி எபிசோடுகளைப் போட்டுக் கொடுத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். 1999 டிசம்பரில் அது ஆரம்பித்தபோது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்போது கதை புரிந்ததா என்று தெரியவில்லை, ஆனால் நித்யஸ்ரீ பாடிய டைட்டில் பாட்டு தொடங்கினால் தட்டோடு ஹாலுக்கு ஓடி வந்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே பாட்டு, ஒரு வீட்டில் அரை நொடி முன்னால், இன்னொரு வீட்டில் அரை நொடி பின்னால்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2020-இல் சித்தி 2 வந்தது. 2021 தொடக்கத்தில் ராதிகா விலகிவிட்டார். ஆனாலும் அதே பெயரில் 2022 வரை ஓடியது. சித்தி போன பிறகு சித்தி எதற்கு என்று அம்மா அன்றைக்கே பார்ப்பதை விட்டுவிட்டார். என் கேள்வி இதுதான்: இருபது வருடம் தமிழ் சீரியலில் முதல் இடத்தில் ஒருவர் இருந்தார் என்றால் அது நடிப்பாலா, இல்லை தயாரிப்பாளரும் அவரே என்பதாலா? அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "அவ அழுதா நமக்கு ஒண்ணும் ஆகாதுடி. அழுகையை அடக்குறா பாரு, அங்கதான் நமக்கு வரும்" என்கிறார். எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. உங்களுக்கு எப்படி?

சொல்லின்_சுத்தி:
இரண்டாவதுதான், சந்தேகமே வேண்டாம். முதலாளியே கதாநாயகி என்றால் யார் தூக்க முடியும்? சித்தி, அண்ணாமலை, செல்வி, அரசி, செல்லமே, வாணி ராணி என்று வரிசையாகப் பாருங்கள். எல்லாவற்றிலும் அவர்தான் தியாகி, அவர்தான் தைரியசாலி, கடைசியில் அவர்தான் நீதி சொல்பவர். அரசியில் இரட்டை வேடம், வாணி ராணியில் மறுபடி இரட்டை வேடம். ஒரு ராதிகா போதவில்லை என்று இரண்டாகப் போட்டார்கள். வாணி ராணி 2013-இலிருந்து 2018 வரை 1,700 எபிசோடுக்கு மேல் ஓடியது. முதல் சித்தி ஐநூறைக்கூடத் தொடவில்லை, ஆனால் மக்கள் பேசுவது அதைத்தான். இதிலிருந்தே தெரியவில்லையா, பிற்பாடு வந்ததெல்லாம் இழுவை என்று?

பழைய_ஆன்டெனா:
சுத்தி தம்பி, கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சீரியலிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள், நான் 1978-இலிருந்து வருகிறேன். கிழக்கே போகும் ரயில். லண்டனிலிருந்து வந்த பெண், தமிழ் சரியாகப் பேச வராது, எம்.ஆர். ராதாவின் மகள் என்பதைத் தவிர ஊருக்கு ஒன்றும் தெரியாது. பாரதிராஜா அந்தப் பெண்ணைப் பாஞ்சாலி ஆக்கினார். ரயிலின் கடைசிப் பெட்டியில் காதலன் எழுதி அனுப்புவதைப் படிக்கத் தண்டவாளத்தோரம் ஓடி வரும் பெண். அடுத்த வருடமே எம்.ஆர். ராதா காலமாகிவிட்டார். மகளின் பெரிய ஓட்டத்தை அவர் பார்க்கவில்லை.

இப்போது ஒன்று சொல்கிறேன், நிறையப் பேருக்குத் தெரியாது. 1985-இல் வந்த முதல் மரியாதையில் நடித்தது ராதா, குரல் கொடுத்தது ராதிகா. தமிழே வராது என்று சொல்லப்பட்ட பெண், ஏழு வருடத்தில் அந்தக் கிராமத்துப் பேச்சை இன்னொரு நடிகைக்குப் பேசிக் கொடுக்கிறார் என்றால் அது காதின் வேலை. சீரியலில் அவர் ஜெயித்ததற்கு முகத்தைவிடக் குரல்தான் காரணம் என்பது என் கட்சி. சமையல்கட்டில் இருக்கும் பெண்கள் பாதி நேரம் சீரியலைப் பார்ப்பதில்லை, கேட்கிறார்கள். குக்கர் விசில், மிக்ஸி சத்தம் எல்லாவற்றையும் தாண்டி வரும் குரல் அது.

வத்தக்குழம்பு:
ஆன்டெனா ஐயா, இது உண்மை. அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே டிவிக்கு முதுகைக் காட்டியபடி "இப்ப பாரு, அவளை நம்பிட்டா" என்று சொல்வார். திரும்பிப் பார்க்கவே மாட்டார்.

மதுரை_மல்லி:
நானும் ஒன்று சேர்க்கிறேன். 1995-இல் வந்த பசும்பொன் ஞாபகம் இருக்கிறதா? அதுவும் பாரதிராஜா படம்தான். ராதிகாவின் அப்பாவாக சிவாஜி, ராதிகாவின் மகனாக பிரபு. நிஜத்தில் பிரபு ராதிகாவைவிட ஐந்தாறு வயது மூத்தவர்! தன்னைவிட மூத்தவருக்கு அம்மா. அப்போது ராதிகாவுக்கு முப்பத்து மூன்று வயதுகூட இருந்திருக்காது. அதற்கு இரண்டு வருடம் முன்பு கிழக்குச் சீமையிலேயில் விருமாயியாக வயதுக்கு வந்த பெண்ணுக்குத் தாய். இரண்டுமே பிரமாதமான நடிப்பு, அதில் சண்டை இல்லை. ஆனால் சினிமா அவரை எந்த அறையில் உட்கார வைக்கப் போகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. கதாநாயகனுக்கு ஐம்பதிலும் கல்லூரி மாணவன் வேடம், கதாநாயகிக்கு முப்பதில் நரைத்த முடி.

அந்த நேரத்தில் அவர் என்ன செய்தார்? சொந்தக் கம்பெனியைக் கையில் எடுத்தார். ராடான். சுத்தி அண்ணா "முதலாளியே கதாநாயகி" என்று குறையாகச் சொல்கிறார். முதலாளி ஆகாமல் இருந்திருந்தால் 1999-இல் எந்த முதலாளி முப்பத்தேழு வயதுப் பெண்ணை மையமாக வைத்துக் கதை எடுத்திருப்பார்?

சொல்லின்_சுத்தி:
சரி, அந்தக் கணக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே முதலாளி மற்ற முப்பத்தேழு வயது நடிகைகளுக்கு என்ன கொடுத்தார்? வில்லி வேடம்.

மதுரை_மல்லி:
வில்லி என்றால் கேவலமா? சித்தியில் யுவராணி செய்த பிரபாவதியை இன்றைக்கும் ஊரில் பேசுகிறார்கள். யுவராணி அதற்கு முன் செய்த படங்களில் அவர் பாத்திரத்தின் பெயர் என்ன என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா?

சொல்லின்_சுத்தி:
முடியாது. இந்த ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன்.

ரொறன்ரோ_ராசாத்தி:
வணக்கம் எல்லாருக்கும். நான் யாழ்ப்பாணத்தாள், 1996-இல் கனடாவுக்கு வந்தனான். சித்தி எங்களுக்குக் கேசட்டில்தான் வந்தது. ஸ்காபரோவில் மரக்கறியும் மாசிக்கருவாடும் விற்கிற ஒரு கடை, பின்பக்கம் ஒரு தட்டு முழுக்க வீடியோ கேசட். ஒரு கேசட்டில் ஒரு வாரத்துக் கதை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து போனால் எங்களுக்கு முன்னால் யாராவது எடுத்துப் போயிருப்பினம், பிறகு அவையிடம் தொலைபேசியில் கெஞ்ச வேணும். கடைக்காரர் ஒரு கொப்பியில் பெயர் எழுதி வைச்சிருப்பார், எடுத்த கேசட்டைத் திருப்பிக் கொடுக்காதவையின் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு. என்ர பெயருக்குக் கீழேயும் ஒருக்கா விழுந்தது, சித்தியாலதான்.

ராதிகா கொஞ்சக் காலம் இலங்கையில் படிச்சவ என்று எங்கட அம்மா பெருமையாகச் சொல்லுவா. ஏதோ எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி. அதைவிட முக்கியமான விசயம், எங்கட பக்கம் சின்னம்மா என்று சொல்லுறதுதான் வழக்கம், சித்தி என்ற சொல்லை எங்கட பிள்ளைகள் இந்த நாடகத்தால்தான் பழகினவை. என்ர அண்ணாவின்ர மகள் இப்பவும் என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுறாள். நான் அவளுக்கு உண்மையில் மாமி!

வத்தக்குழம்பு:
ராசாத்தி அக்கா, கடைசி வரிக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அத்தையைச் சித்தின்னு கூப்பிட வச்சுட்டாளா" என்று அவருக்கும் சிரிப்பு.

பழைய_ஆன்டெனா:
சித்தி என்ற சொல்லைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அந்தச் சீரியலுக்கு முன்னால் தமிழ்க் கதைகளில் மாற்றாந்தாய் என்றால் சூடு போடுகிறவள், பழைய சோறு போடுகிறவள். மனைவியை இழந்தவரைக் கட்டிக்கொண்டு, அவர் மகளைத் தன் மகளாக வளர்க்கும் சாரதாவை வைத்து அதைத் தலைகீழாக்கினார்கள். கணவராக சிவகுமார்.

இப்போது கேளடி கண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள், 1990. எஸ்.பி.பி. மனைவியை இழந்தவர், ஒரு சின்னப் பெண்ணுக்கு அப்பா. ராதிகா டீச்சர். இரண்டு பேருக்கும் பிடித்திருக்கிறது. அந்தப் பெண் புதுத் தாயை ஏற்க மறுக்கிறாள், கல்யாணம் நடக்கவில்லை. அந்த டீச்சர் பெயர் என்ன? சாரதா. ஒன்பது வருடம் கழித்து சித்தியில் அவர் பெயர் என்ன? சாரதா. வேண்டுமென்றே வைத்தார்களா, தற்செயலா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் எனக்கு என்னவோ முதல் சாரதாவுக்குக் கிடைக்காத குழந்தை இரண்டாவது சாரதாவுக்குக் கிடைத்த மாதிரிதான் அன்றைக்குப் பட்டது. இதை என் வீட்டுக்காரியிடம் சொன்னபோது "உங்களுக்கு வேற வேலையே இல்லையா" என்றாள். அது வேறு.

மதுரை_மல்லி:
ஐயோ, இதை எப்படி இத்தனை வருடம் கவனிக்காமல் விட்டேன்!

கிளாப்போர்டு:
நான் ஆறு வருடம் சீரியலில் உதவி இயக்குநராக இருந்தவன். ராடானில் இல்லை, வேறு கம்பெனி, பெயர் வேண்டாம், இன்னும் மூன்று மாத பேட்டா பாக்கி. இங்கே நடிப்பா முதலாளியா என்று சண்டை போடுகிறீர்கள், இரண்டும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருந்தது என்று சொல்கிறேன்.

சன் டிவி அந்தக் காலத்தில் நிறைய சீரியல்களைச் சம்பளம் கொடுத்து எடுக்கவில்லை. அரைமணி நேர ஸ்லாட்டுக்குத் தயாரிப்பாளர் சேனலுக்குப் பணம் கட்ட வேண்டும். அந்த அரைமணிக்குள் வரும் விளம்பர நேரத்தைத் தயாரிப்பாளரே விற்றுக்கொள்ளலாம். விற்றால் லாபம், விற்காவிட்டால் நஷ்டம் அவர் தலையில். அப்படியென்றால் தயாரிப்பாளருக்கு என்ன வேண்டும்? சோப்புக் கம்பெனிக்காரரிடம் போய் உட்கார்ந்ததும் கதை சொல்லாமலேயே நேரம் விற்க வேண்டும். "ராதிகா நடிக்கிறார்" என்பது நான்கு எழுத்தில் சொல்லும் கதை. (நான்கா, மூன்றா, எண்ணாதீர்கள்.) ஆக, தயாரிப்பாளர் ராதிகாவுக்கு நடிகை ராதிகா என்பவர் சரக்கு. அந்தச் சரக்கு கெட்டுப்போகக் கூடாது. அதனால்தான் அந்தக் கதாநாயகிகள் பெரிய தப்பு செய்யவே மாட்டார்கள். சுத்தி சார் கேட்ட தியாகி, தைரியசாலி, நீதி எல்லாவற்றுக்கும் இதுதான் விடை. அகங்காரம் என்று நினைக்காதீர்கள், கணக்குப் புத்தகம்.

சொல்லின்_சுத்தி:
கணக்குப் புத்தகம் எழுதிய கதை என்றால் நான் சொன்னதும் அதுதானே? வேறு வார்த்தையில் சொல்லிவிட்டுப் பெரிய ரகசியம் மாதிரி வைக்கிறீர்கள்.

கிளாப்போர்டு:
இல்லை சார், வித்தியாசம் இருக்கிறது. கணக்குப் புத்தகம் ஒரு ஆளை மையத்தில் உட்கார வைக்கும், உண்மை. அந்த ஆள் தினமும் அங்கே உட்கார்ந்து தாக்குப்பிடிப்பது வேறு விஷயம். ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். வளசரவாக்கத்தில் ஒரு பங்களா, நாள் வாடகை. காலை ஒன்பது மணி கால்ஷீட். வசனம் வந்திருக்காது. எழுத்தாளர் மாடியில் ஒரு ரூமில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார், ஒரு பக்கம் முடிந்ததும் கீழே வரும். அதை நான் நடிகர் பக்கத்தில் நின்று சத்தமாகப் படிப்பேன், அவர் அப்படியே திருப்பிச் சொல்வார். பிராம்ட் என்போம். பிறகு டப்பிங்கில் சரிசெய்துகொள்ளலாம் என்பதால் என் குரல் கேட்டாலும் பரவாயில்லை. நான் படிக்கிற வேகத்தில்தான் பலர் நடிப்பார்கள். நான் மூச்சு விட்டால் அவர்கள் மூச்சு விடுவார்கள், எனக்குத் தும்மல் வந்தால் காட்சியில் ஒரு அர்த்தபுஷ்டியான மௌனம்!

நல்ல நடிகை எப்படித் தெரியுமா? வரியை நாம் சொல்லி முடிப்பதற்குள் அது எங்கே போகிறது என்று பிடித்துவிடுவார். சினிமாவில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர்களிடம் அதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல்லை விழுங்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். வத்தக்குழம்பு அம்மா சொன்ன "அடக்குறது" இருக்கிறதே, அதைப் பிராம்ட்டில் யாரும் சொல்லித்தர முடியாது. ஒரு நாளில் ஒரு எபிசோடு முடிக்க வேண்டும், இருபத்திரண்டு நிமிடப் படம். சினிமாவில் ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் எடுத்தால் பெரிய விஷயம். அந்த ஓட்டத்தில் அடக்கி நடிக்கிறவர்களுக்கு என் கும்பிடு.

வத்தக்குழம்பு:
தும்மல் விஷயத்தை அம்மாவிடம் சொல்ல மாட்டேன். அவர் மௌனங்களை ரொம்ப ரசித்தவர்.

இட்லிப்பானை:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். எல்லாரும் ராதிகாவைப் பற்றியே பேசுகிறீர்கள், தேவயானி என்ன ஆனார்? கோலங்கள் 2003-இலிருந்து 2009 வரை ஓடியது. 1,500 எபிசோடுக்கு மேல். அபி பாத்திரத்துக்கு முன் மற்றதெல்லாம் சும்மா.

மதுரை_மல்லி:
இட்லிப்பானை, அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானே முதல் ஆளாக வருகிறேன். ஆனால் ஒரு வித்தியாசம்: கோலங்கள் எடுத்தது விகடன் நிறுவனம், இயக்கம் திருச்செல்வம். அபி முடிந்ததும் தேவயானி நடந்து போய்விடலாம். ராதிகாவால் அப்படி முடியாது. ஒரு சீரியல் முடியும்போதே அடுத்தது தயாராக வேண்டும், இல்லாவிட்டால் ஸ்லாட் போய்விடும். அண்ணாமலை 2005-இல் முடிந்தது, அதே வருடம் செல்வி. 2007-இல் அரசி, 2009-இல் செல்லமே, 2013-இல் வாணி ராணி. நடுவில் ஓய்வு என்று ஒரு வருடம் காட்டுங்கள் பார்ப்போம்.

பழைய_ஆன்டெனா:
அதில் 2006 விசேஷமான வருடம். தேர்தல் நேரம், சரத்குமாரும் ராதிகாவும் அ.தி.மு.க. மேடையில். ராத்திரி தி.மு.க. பக்கத்துச் சன் டிவியைப் போட்டால் செல்வி. எங்கள் தெரு டீக்கடையில் இதைப் பற்றி ஒரு வாரம் சண்டை.

சொல்லின்_சுத்தி:
2024-இல் விருதுநகரில் பா.ஜ.க. வேட்பாளராக நின்று மூன்றாம் இடம் வந்தாரே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீரியல் பார்க்கிற கூட்டம் ஓட்டுப் போடுகிற கூட்டம் ஆகாது.

வத்தக்குழம்பு:
அரசியல் இந்த அளவோடு நிற்கட்டும். என் இழை, என் விதி. :)

ரொறன்ரோ_ராசாத்தி:
ஒண்டு கேக்கலாமோ? ஆம்பிளையளைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. சிவகுமார் மாதிரிப் பெரிய நடிகர் டிவிக்கு வந்தது அந்த நேரம் எங்களுக்கு அதிசயம். பிறகு செல்லமேயில் ராதாரவி அண்ணனாக வந்தார், நிஜ வாழ்க்கையிலும் அவர் அண்ணன்தானே. அவை இரண்டு பேரும் சண்டை பிடிக்கிற காட்சியில் எங்கட வீட்டில் ஒருத்தரும் கதைக்காம இருந்து பார்ப்பம். நடிக்கினமா, உண்மையாவே பிடிக்கினமா எண்டு தெரியாது.

கிளாப்போர்டு:
ஆமாம் அக்கா, அந்த இரண்டு பேருக்கும் அப்பாவின் நாடக மேடை ரத்தத்தில் இருக்கிறது. அது போக, இயக்குநர்கள். அரசியைக் கொஞ்ச காலம் சமுத்திரக்கனி இயக்கினார். பிறகு நாடோடிகள் எடுத்தவர். சீரியல் பட்டறையில் ஒரு நாளைக்கு இத்தனை காட்சி என்று அடித்துப் பழகியவருக்கு சினிமா செட்டில் பயம் வராது. டைட்டில் பாட்டுக்கு இசையமைத்த தினாவும் சித்தியால் வெளியே தெரிந்தவர்தான். இதையெல்லாம் ராதிகாவின் கணக்கில்தான் எழுத வேண்டும். இந்தியில் ஏக்தா கபூரின் மாமியார் மருமகள் சீரியல் வந்தது 2000 ஜூலையில். சித்தி அதற்கு ஆறேழு மாதம் முன்பே ஓடத் தொடங்கிவிட்டது. வடக்கே பார்த்துக் காப்பியடித்தோம் என்று யாராவது சொன்னால் தேதியைக் காட்டுங்கள். தெலுங்கில் பின்னி என்று டப்பிங் ஆகி அங்கேயும் வீடு வீடாகப் போனது.

சொல்லின்_சுத்தி:
எல்லாம் சரி. சந்திரகுமாரி பற்றி ஏன் யாரும் வாயைத் திறக்கவில்லை? 2018 டிசம்பரில் வாணி ராணி முடிந்த கையோடு வந்தது. பாட்ஷா எடுத்த சுரேஷ் கிருஷ்ணா இயக்கம், சரித்திரக் காலம், அரண்மனை, கிரீடம். சில மாதங்களில் ராதிகா விலகி, விஜி சந்திரசேகர் வந்தார். "இனி இவருக்குப் பதில் இவர்" என்று தயாரிப்பாளர் தன் பெயருக்கே போட்டுக்கொண்ட சீரியல் உலகத்திலேயே அதுதான் இருக்கும்.

மதுரை_மல்லி:
அது ஓடவில்லை, உண்மை. கிரீடம் வைத்த ராதிகாவை மக்களுக்குப் பிடிக்கவில்லை. அவரிடம் நமக்கு வேண்டியது இடுப்பில் செருகிய முந்தானை, கையில் ஒரு ஃபைல் அல்லது ஒரு கரண்டி. ஆனால் அதற்கடுத்த வருடம் கலர்ஸ் தமிழில் கோடீஸ்வரி நடத்தினாரே, பெண்கள் மட்டும் கலந்துகொண்ட போட்டி, பார்த்தீர்களா? காது கேட்காத, வாய் பேச இயலாத ஒரு பெண் 1 கோடி ரூபாய் ஜெயித்த எபிசோடு. ராதிகா அங்கே நடிக்கவில்லை, வசனம் இல்லை, எதிரில் இருப்பவர் பேசவும் இல்லை. அவர் முகத்தையே பார்த்து, அவசரப்படுத்தாமல், கேள்வி புரிந்ததா என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபது வருடம் முன்னால் சன் டிவியில் சரத்குமார் கோடீஸ்வரன் நடத்தியதையும் பார்த்தவள் நான். மனைவிதான் கெட்டிக்காரர்.

பழைய_ஆன்டெனா:
மல்லியம்மா, இதைச் சரத்குமார் ரசிகர்கள் யாரும் படிக்காமல் இருக்கட்டும்.

சித்தி 2 பற்றி நானும் ஒரு வார்த்தை. தொடங்கி இரண்டு மாதத்தில் கொரோனா ஊரடங்கு, படப்பிடிப்பு நின்றது. மறுபடி தொடங்கியபோது கதை வெண்பா, கவின் என்ற இளம் ஜோடி பக்கம் சாய்ந்துவிட்டது. அதில் தப்பில்லை, இன்றைய சீரியலுக்கு இருபது வயது ஜோடிதான் வேண்டும். சித்திக்கு அறிவுரை சொல்லும் வேலை மட்டும். அதாவது 1995-இல் சினிமா கொண்டுபோய் உட்கார வைத்த அதே அறை, இப்போது டிவியிலும் தயார். அவர் எழுந்து போய்விட்டார். காரணத்தை அவர்தான் சொல்ல வேண்டும், ஆனால் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்படித்தான் தோன்றியது.

கிளாப்போர்டு:
வியாபாரமும் மாறிவிட்டது ஐயா. 2017-18 வாக்கில் சன் டிவியே ஸ்லாட் விற்பதைக் குறைத்து, பணம் கொடுத்துத் தயாரித்து வாங்கும் முறைக்குப் போகத் தொடங்கியது. அப்படி வந்தால் கதையில் யார் முன்னால் நிற்பது என்பதைச் சேனலின் டிஆர்பி மீட்டிங் முடிவு செய்யும். தயாரிப்பாளர் ஒப்பந்தக்காரர் மாதிரி. சொந்தக் கடை வைத்திருந்தவரை மேனேஜராக உட்காரச் சொன்னால் எத்தனை நாள் உட்காருவார்?

சொல்லின்_சுத்தி:
கிளாப்போர்டு, இது எனக்குத் தெரியாத விஷயம், நன்றி. என் முதல் பதிவை முழுக்க வாபஸ் வாங்கவில்லை. இழுவை இழுவைதான். வாணி ராணியில் ஒரு கல்யாணப் பத்திரிகையை ஒரு வாரம் படித்தார்கள். ஆனால் "யார் தூக்க முடியும்" என்று எழுதினேன் பாருங்கள், அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சரி, அப்புறம் ஒரு சின்ன சந்தேகம். வாணியும் ராணியும் கட்டிப்பிடித்து அழுவார்களே, அதை எப்படி எடுப்பார்கள்? தினமும் கிராபிக்ஸ் போட முடியாதே.

கிளாப்போர்டு:
ஹா ஹா, இது எனக்குப் பிடித்த கேள்வி. அந்த யூனிட்டில் நான் இல்லை, நாங்கள் எடுத்த இன்னொரு இரட்டை வேட சீரியலில் செய்ததைச் சொல்கிறேன், எங்கேயும் இதே வழிதான். இருவரும் ஒரே ஃபிரேமில் முகம் தெரிய நிற்க வேண்டும் என்றால் கேமராவை அசையாமல் பூட்டிவிட்டு, ஒரு பக்கம் முதலில், மறுபக்கம் பிறகு, இரண்டையும் ஒட்டுவோம். மாஸ்க் ஷாட். அதற்கு நேரம் அதிகம் பிடிக்கும், அபூர்வமாகத்தான். மற்றபடி எல்லாம் சஜஷன் ஷாட், அதாவது ஒருவர் தோளுக்கு மேலாக இன்னொருவர் முகம். அந்தத் தோளுக்கு ஒரு டூப்.

எங்கள் டூப் அக்கா சாலிகிராமத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். உயரம், தோள் அகலம், ஜடை கனம் எல்லாம் நாயகி மாதிரியே இருக்கும், முகம் வேறு. காலையில் நாயகி ஒரு வேடத்தின் காட்சிகளை முடிப்பார், அக்கா மற்ற வேடத்தின் புடவையில் எதிரே முதுகைக் காட்டி நிற்பார். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு புடவை மாற்றிக்கொள்வார்கள், பொட்டு அளவு மாறும், வகிடு மாறும், அதே காட்சி எதிர்ப்பக்கத்திலிருந்து. இரண்டு புடவைக்கும் கண்டினியூட்டி போட்டோ எடுத்து வைப்பது என் வேலை. மூன்று வருடம் தினமும் டிவியில் வந்த அந்த அக்காவைத் தெருவில் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது. கட்டிப்பிடித்து அழும் காட்சியில் நாயகி கண்ணீர் முழுக்க அவர் தோளில்தான். "இன்னைக்கும் ஜாக்கெட்டை நனைச்சுட்டாங்க தம்பி" என்பார்.

ரொறன்ரோ_ராசாத்தி:
ஐயோ பாவம் அந்த அக்கா. அவவுக்கு டைட்டிலில் பெயர் போட்டதோ?

கிளாப்போர்டு:
இல்லை அக்கா.

வத்தக்குழம்பு:
இதை நேற்று ராத்திரி அம்மாவிடம் சொல்லிவிட்டேன், சொல்லியிருக்கக் கூடாது. இப்போது சித்தியை விட்டுவிட்டு வாணி ராணி போடச் சொல்கிறார். கதை அவருக்கு வேண்டாம். வாணியும் ராணியும் எதிரெதிரே வந்தால் உடனே நிறுத்தச் சொல்லிக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டிவி கிட்டே போய், "இந்தத் தோளு அவளோடது இல்ல, ஜடையைப் பாரு" என்கிறார். இன்றைக்கு ஒரு எபிசோடு பார்க்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டேன், "சும்மா இருடி, இப்ப திரும்பப் போறா" என்றார்.